பாலைவனத்துக்கு நான் குறித்த மாதம்

மணல்மேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனிடம் மணலைப் பற்றி யோசனை கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வான். நான் சொன்னேன்.

தங்கவயலில் எங்கள் வீட்டுக்கு எதிரே சயனைடு மேடு. சுரங்கப் பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய மணல், மலையாக நிற்கும். காற்றடித்தால் சோற்றிலும் தலையணையிலும் மணல்தான். கோடை மழை பெய்துவிட்டால் இறுகிவிடும். மேலே ஏறி கிரிக்கெட் ஆடுவோம். (பாலைவனத்தைப் பற்றி நான் படித்த மொத்தப் படிப்பும் இதுதான்.)

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவர எல்.டி.சி. பயணச் சலுகை கிடைத்தது. என் மாமனார் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதையும் கேட்காதவர், அன்று கேட்டார்.

"மாப்ள, வேல செஞ்ச காலமெல்லாம் கைய நீட்னா பாறதான். கண்ணுக்கு எட்ற வரைக்கும் ஒண்ணுமே இல்லாத எடத்த ஒரு தடவ பாக்கணும். ராஜஸ்தான்ல பாலைவனத்துலயே நேஷனல் பார்க் கீதாமே, கூட்னு போறீங்களா?"

மனிதர் கேட்ட ஒரே ஆசை. நெகிழ்ந்துபோய், மாதம் குறிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

"டிசம்பர், ஜனவரிதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள் என் மனைவி மல்லிகா.

"எல்லாரும் சயனைடு மேட்டாண்டயா வளந்தாங்க? டிசம்பர்ல மணலு காஞ்சி பறக்கும். ஜூன்னா மழ பெஞ்சி உக்காந்துடும். காத்தும் ஜில்லுனு வரும்."

"மழ இங்க பெய்யும். அங்க பெய்யுமா?"

"இந்தியா ஒண்ணுதான மல்லிகா," என்றேன்.

ஜூனில் ரயிலை விட்டு இறங்கினோம். இட்லிக் குண்டானைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடிக்குமே, அதில் ஈரத்தைக் கழித்துவிட்டால் அந்த ஊர்க் காற்று. நடுப்பகலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"மழ பெஞ்சாப்ல தெரியலயே," என்றாள் மல்லிகா.

ஜீப் டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, யாராவது ஏமாற்றி அனுப்பிவிட்டார்களா என்று இந்தியில் கேட்டார். மல்லிகாவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் சரியாக என்னைக் கைகாட்டினாள்.

பூங்காவுக்குள் கொஞ்ச தூரம் போனதும் மாமனார் இறங்கி, நெற்றியில் கைவைத்து நாலாபுறமும் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல மாப்ள," என்று சிரிக்கத் தொடங்கினார். அதற்குள் தூரத்தில் பழுப்பாக ஒரு சுவர் எழும்பியது. டிரைவர் கத்தினார். நாங்கள் ஏறி, படுதாவை இழுத்துக் கட்டுவதற்குள் பகல் அணைந்துவிட்டது. மழை பெய்து உட்கார்ந்திருக்க வேண்டிய ராஜஸ்தான் மொத்தமும் எழுந்து எங்கள் மூக்குக்குள் வந்தது. பக்கத்திலிருந்த மல்லிகாவையே எனக்குத் தெரியவில்லை. இருட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமா, இருக்கீங்களா?"

"கீறேன்." மணலைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "இதுக்கு எதுக்கு மாப்ள இவ்ளோ தூரம்? சுரங்க ஷாஃப்ட்லயே எறக்கி வுட்டிருக்கலாமே. அங்க தலைக்கு லைட்டாவது குடுப்பாங்க."

டிரைவர் அதோடு ஜீப்பைத் திருப்பிவிட்டார். மிச்ச நாட்களை லாட்ஜில், ஈரத்துண்டும் மோருமாகக் கழித்தோம். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கேட்டதே ஒன்று, அதையும் கெடுத்தேனே என்று குளியலறையில் போய் அழுதேன். (அங்கும் குழாயில் வெந்நீர்தான் வந்தது.)

பிற்பாடு அவர் என் மச்சானோடு ஒரு ஜனவரியில் போய், கண் நிறையப் பார்த்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் அன்று முதல் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் மாதம் குறிக்க என்னைத்தான் முதலில் கேட்கிறார்கள். என் மகள் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். ஆவணி என்றேன். தையில் நடந்தது. மண்டபத்தில் மாமனார் சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாப்ளய கேக்காம நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம். அவரு சொல்ற மாசத்த கழிச்சிட்டு, மீதி பதினொண்ணுல பாத்துக்குவோம்."