விக்னராஜா வீட்டுப் படம்

படம் விளக்குகிறவர்கள் என்றொரு இனம் உண்டு. நீங்களும் அகப்பட்டிருப்பீர்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி முடிக்குமுன்னே தோளைப் பிடித்துச் சுவருக்கு முன்னால் நிறுத்துவார்கள், மூன்றடி தள்ளி நிற்கச் சொல்வார்கள், கையில் தந்த தேநீர் ஆறிப் பாலாடை கட்டும்வரை பேசுவார்கள். ஓவியர் பெயரைக் கேளுங்கள். உடனே இருமல் வரும்.

ரோவில் என்ற புறநகரில் இருக்கும் விக்னராஜா இந்த இனத்தில் தலையாயவர். அமெரிக்கா போனபோது வாங்கி வந்த பெரிய நிலக்காட்சிப் படம் அவர் வீட்டு ஹோலில் தொங்குகிறது. அந்தக் காலத்தில் காட்டோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு நகரம்: ஆறு, இரண்டு நீராவிக் கப்பல்கள், தேவாலயக் கோபுரம், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள்.

2012இல் ஒரு சனிக்கிழமை உமாசுதன் அங்கே போனான். அகதியாகப் படகில் வந்தவன், தற்காலிக விசாக்காரன். நோபல் பார்க் பகுதியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்க, இவன் நல்லவன் என்று சொல்லும் கடிதத்தில் தெரிந்தவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். கடிதம் மேசையில் கிடந்தது. பேனா விக்னராஜாவின் கையில். அந்தப் பேனாவாலேயே படத்தைக் காட்டத் தொடங்கினார்.

"பாரும் தம்பி. ஒருத்தரும் இல்லாத வெறுங்காடு. உழைக்கிற சனம் வந்துது, சிட்டி எழும்பிச்சுது. நாங்களும் இஞ்ச அப்பிடித்தான் வந்தனாங்கள். முறையா."

கடைசிச் சொல் தனக்குத்தான் என்று உமாசுதனுக்கு விளங்கியது. படத்தையே பார்த்தான். கால் உளைந்தது.

"அங்கிள், உந்தக் கீழ் மூலையில, கூடாரத்துக்கு முன்னால, தலையில இறகு செருகி இருக்கிறவை ஆர்?"

மூன்று வருடமாக விளக்கியவர் முதன்முறையாகக் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"அவையோ? அது சும்மா, வடிவுக்குக் கீறினது."

"அப்ப ஆக்கள் இருந்த இடம்தானே?"

பேனா சட்டைப்பைக்குள் போனது. "கடிதத்தை வாற கிழமை பாப்பம்."

சப்பாத்தை மாட்டும்போதுதான், வாயைத் திறந்து அறையைத் தொலைத்துவிட்டோம் என்று உமாசுதனுக்கு உறைத்தது. அப்போது விக்னராஜாவின் மனைவி நிரஞ்சினி குசினிக்குள்ளிருந்து வந்தார், மேசையில் கிடந்த அதே கடிதத்தை எடுத்துக்கொண்டு. கதவில் வைத்துத் தன் கையெழுத்தைப் போட்டார்.

"அங்கிள் கோவிப்பார் அன்ரி."

"கோவிக்கட்டும். படம் வந்த நாளில இருந்து நானும் அவையைத்தான் பாக்கிறன். நீர் போயிட்டு வாரும்."

அறை கிடைத்தது. விக்னராஜா திருந்தினாரா? படத்தின் கீழ் மூலையை மறைத்து உயரமான பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றை வைத்தார். இப்போது விளக்கம் முன்னைவிடச் சரளமாக ஓடுகிறது. வருகிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிந்ததும் உங்கள் ஹோலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அழகுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்த மனம் வருகிறதா?