டவுட்டுக்கு ரஷ்யனில் நாலு சொல்

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் யார் எதைச் சந்தேகப்பட்டாலும், அது எந்த ரகச் சந்தேகம் என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மாமல்லபுரத்தில் எங்களுக்கெல்லாம் அவர் ‘டவுட்டு’.

நான் அங்கே ஒரு சின்ன லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். டவுட்டு, ரஷ்யன் பேசும் கைடு. சதுரங்கப்பட்டினத்து மீனவக் குடும்பம். வாலிபத்தில் சென்னைக்குப் போய், மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்க வரிசையில் நின்றிருக்கிறார். இடம் தீர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் ஃபேன் ஓடியது. உள்ளே போய் உட்கார்ந்தார். அது ரஷ்யன் வகுப்பு. முகம் எப்போதும் துக்கம் விசாரித்துவிட்டு வந்தது போலவே இருக்கும். ரஷ்யர்களுக்கு அது பிடித்திருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவரும் கைடுகளிடம் அவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

அவர் எதிரில் யாரும் ‘டவுட்டு’ என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. பிடித்துக்கொள்வார்.

“இங்கிலீஷ்காரன் ஒரே ஒரு வார்த்தையக் குட்தான் நைனா. நாம அத்த நாலு வேலைக்கு வெச்சிகினு கீறோம். ‘எனக்கு ஒரு டவுட்டு’ன்னா கேள்வி, ரஷ்யன்ல வப்ரோஸ். ‘அவன் மேல டவுட்டு’ன்னா அது வேற, பதஸ்ரேனியே. மனசு ரெண்டுங்கெட்டானா நின்னா சம்னேனியே. ‘பஸ் வர்றது டவுட்டுதான்’னு சொன்னா வராதுன்னு அர்த்தம், அதுக்கு வ்ரியாத் லி. மாத்திப் போட்டா பேஜாரு.”

நாங்கள் சிரிப்போம். அப்புறம் போனிலேயே மொழிபெயர்க்கும் ஆப் வந்தது. முதலாளி, “இனிமே அந்த அழுமூஞ்சி எதுக்கு?” என்றார். டவுட்டுக்கு அழைப்பு குறைந்தது.

ஒரு நாள் அறை சுத்தம் செய்யும் மல்லிகா அக்கா, ரஷ்ய விருந்தாளி ஒருவர் முன்னால் போனை நீட்டி, “சார், தலகாணி விஷயத்துல எனக்கு ஒரு டவுட்டு” என்றார். ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்க நினைத்தார், பாவம். ஆப் ரஷ்யனில் என்ன சொல்லியதோ, அந்த ஆறடி மனிதர் சிவந்து போய், தன் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து, ஜட்டி உட்பட ஒவ்வொன்றாக உதறிக் காட்ட ஆரம்பித்தார். மல்லிகா அக்கா அலறிக்கொண்டு ரிசப்ஷனுக்கு ஓடிவந்தார்.

டவுட்டை வரவழைத்தோம். வந்தவர் அரைமணி நேரம் அந்த ரஷ்யரிடம் பேசினார். வெளியே வந்து, “தலகாணி திருடன்னு சொல்லிக்கீது அந்த போன். கேள்விக்கும் சந்தேகத்துக்கும் வித்தியாசம் தெரியாத மெஷின வெச்சிகினு லாட்ஜ் நடத்துறீங்களே” என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

சொல்லில் இப்படிச் சுத்தம் பார்ப்பது அவருடைய கல்யாணத்தையும் கெடுத்தது. புதுப்பட்டினத்தில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா, “எம் பொண்ண கடைசி வரைக்கும் நல்லா வெச்சிப்பியா?” என்று கேட்டிருக்கிறார். காபியில் ஆடை படியும்வரை யோசித்துவிட்டு இவர் சொன்ன பதில்: “நல்லா வெச்சிப்பேன். கடைசி வரைக்கும்ன்றதுதான் டவுட்டு. நான் மொதல்ல பூட்டேன்னா?” அந்த வீட்டில் பஜ்ஜித் தட்டு வந்த வழியே உள்ளே போய்விட்டது. அதன்பின் அவர் எங்கேயும் பெண் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வயதான ரஷ்யத் தம்பதி எங்கள் லாட்ஜுக்கு வந்தார்கள். அந்த அம்மாள் பெயர் லூதா. ஆப் வேண்டாம், ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டதால் டவுட்டு அவர்களோடு போனார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டு மூவரும் கரைக்கு வந்திருக்கிறார்கள். கடல் கலங்கிக் கிடந்தது. “இறங்க வேணாம், இழுப்பு கீது” என்று டவுட்டு சொல்லிச் சொல்லித் தடுத்தும், லூதாவின் கணவர் இவர் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். இரண்டாவது அலைக்குப் பிறகு தலை தெரியவில்லை.

தகவல் கேட்டு நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது இரண்டு படகுகள் தேடப் போயிருந்தன. லூதா கணவரின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து டூர் கம்பெனிக்காரர் போனில் டவுட்டிடம் கத்துவது எனக்கே கேட்டது. “கெடைச்சிடுவார்னு சொல்லுங்க! மேபின்னாவது சொல்லுங்க! ஹோப் குடுங்க!”

முதல் படகு திரும்பியது. எல்லப்பன் என்ற பெரியவர் இறங்கி, துண்டைப் பிழிந்துகொண்டே, “இனிமே உசுரோட வர்றது டவுட்டுதாம்பா” என்றார்.

லூதா எழுந்து டவுட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். எல்லப்பன் என்ன சொன்னார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

டவுட்டு எல்லப்பனைப் பார்த்தார். “மாமா, தெரியலன்றியா? இல்ல, வர மாட்டார்ன்றியா?”

“இன்னாடா கேள்வி இது, இந்த நேரத்துல?”

“சொல்லு மாமா. நான் அந்தம்மாகிட்ட சொல்லணும்.”

எல்லப்பன் கடலைப் பார்த்தார். “வர மாட்டாருப்பா.”

நான் டவுட்டின் காதருகே போய், “அண்ணாத்த, கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணலில் மண்டியிட்டு, லூதாவின் முகத்தைப் பார்த்து, “வ்ரியாத் லி” என்றார். திரும்ப ஒருமுறை சொன்னார்.

அந்த அம்மாள் அவரை அடித்துவிடுவார் என்றே நான் பயந்தேன். அடிக்கவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வெயில் இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். மறுநாள் காலையில் உடல் புதுப்பட்டினம் பக்கம் ஒதுங்கியது. காவல் நிலையம், மருத்துவமனை, விமான நிலையம் என்று எல்லா இடத்திலும் டவுட்டுதான் கூட நின்றார். விமானம் ஏறும் முன் லூதா தன்னிடம் சொன்னதை எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார்: “அத்தினி பேரும் தேனா பேசனாங்களாம். நான் சொன்ன அப்புறம்தான் அந்தம்மாவுக்கு அழுகையே வந்திச்சாம்.”

அதோடு கைடு வேலையை விட்டுவிட்டார். முதலாளியே இறங்கிவந்து கூப்பிட்டார். ரஷ்யன் பேச வாயைத் திறந்தால் அந்த அம்மாளின் முகம் வருகிறதாம். இப்போது அண்ணனோடு படகில் போகிறார். ஏன் அண்ணாத்த, அந்தக் கடலிலேயா, என்று கேட்டேன். “அங்கதான் நைனா, யாரும் என்னிய எதுவும் சொல்லச் சொல்றதில்ல” என்றார்.

நானும் லாட்ஜை விட்டுச் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். காற்று பலமாக அடிக்கிற நாட்களில் மட்டும், படகு கரைக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து அவருக்குப் போன் போடுவேன். அவர் எடுத்து, “இன்னாயா உனக்கு வேற வேலையே இல்லியா?” என்று எரிந்து விழும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.