மழைக்கோட்டு மரைக்காயரும் அகதி நாய்களும்

நாய் நக்கினால் அவ்வளவு அலறியவரும் சிங்கப்பூரில் கிடையாது; நாய்களுக்காக அவ்வளவு அலைந்தவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான். எங்கள் ஆபீஸ் மரைக்காயர்.

கப்பல் சரக்கை இறக்கிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. அறுபதுகளில் ஜகார்த்தாவில் கலவரம் மூண்டு, வெள்ளைக்காரக் குடும்பங்கள் கட்டிய துணியோடு விமானம் ஏறி இங்கே வந்து சேர்ந்தன. அவர்கள் விட்டுவந்த நாய்கள் பின்னால் கப்பலில் வந்தன. "யார் போய் இறக்குவது?" என்று மேனேஜர் கேட்டதும் ஆபீசே ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டது. நிமிர்ந்து பார்த்த பாவத்துக்கு மரைக்காயர் மாட்டினார். அவருக்குத் துணையாக நானும் மாட்டினேன்.

அவர் மார்க்கப்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். மனிதர் சட்டைப்பையில் மண் டப்பாவோடுதான் துறைமுகத்துக்கு வருவார். உச்சிவெயிலில் கணுக்கால் வரை மழைக்கோட்டு, கையில் ரப்பர் உறை. தண்ணீர்க் கிண்ணத்தைக் குடைக்காம்பால் தள்ளி வைப்பார். இத்தனை செய்தும், என்னை முகர்ந்துகூடப் பார்க்காத நாய்கள் அவர் கன்னத்தைத் தேடிப்பிடித்து நக்கும். உடனே குழாயடிதான். வாளி தூக்கித் தூக்கி என் தோள்பட்டை கழன்றுபோனது.

"வேற ஆள அனுப்பச் சொல்லுங்களேன் பாய்," என்றேன் ஒரு நாள், அலுத்துப்போய்.

"வர்றவன் அதுக்குத் தண்ணி வைக்க மாட்டான் தம்பி. நான் பாத்துட்டேன்."

கணவனை இழந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி தினமும் ஆபீசுக்கு வந்து தன் நாயைப் பற்றி விசாரிப்பார். அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அது வந்த கப்பல் ஒரு வெள்ளிக்கிழமை நங்கூரம் போட்டது. மழை கொட்டியது. படகில் போய்க் கப்பலில் ஏறிப் பார்த்தால் கூண்டு உடைந்து கிடக்கிறது. நாய், பாரம் தூக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. கூப்பிட்டோம், பிஸ்கட் காட்டினோம். அசையவில்லை.

"போதும் லா பாய், கப்பல் கிளம்பப் போவுது. விட்டுட்டு வாங்க," என்றார் படகுக்காரர்.

மரைக்காயர் குனிந்தார். கோட்டைப் பார்த்ததும் நாய் நடுங்கி இன்னும் உள்ளே போனது. நிமிர்ந்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார், கையுறைகளையும் கொடுத்தார். உள்ளே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகப் போட்டுவந்த கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையோடு தவழ்ந்து போய், நனைந்த நாயை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏணி இறங்கும்வரை அது அவர் முகத்தை நக்கித் தீர்த்தது. வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கினார்.

கரையில் கிழவி நாயைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் நன்றி சொல்வதைக் கேட்க நிற்காமல் மரைக்காயர் குழாயடிக்கு ஓடினார். இந்த முறை உச்சி முதல் பாதம் வரை. நான்தான் ஊற்றினேன், வேறு யார்?

"ஜும்ஆ போச்சே பாய்?"

"அதுக்குப் பதிலாத் தனியா லுஹர் தொழுதுக்கலாம். இதெல்லாம் கழுவினா போயிடும் தம்பி. விட்டுட்டு வந்திருந்தா, அத எங்க போய்க் கழுவுறது?"

சிராங்கூன் ரோடு பஸ்ஸில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நான் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.