பைலட் அண்ணன் பள்ளிக்கூடம் தேடிய கதை

மட்டக்களப்பில் தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பாமல் விமானி என்று பேரெடுத்தவர் ஒருவர்தான். எங்கள் பஸ் டிரைவர். பெற்றவர்கள் வைத்த பேரை அவரே மறந்திருப்பார். ஊருக்கு அவர் பைலட்.

அறுபதுகளில் கல்முனை பஸ்ஸில் நான் கொண்டக்டர். கல்லடிப் பாலம் ஒடுக்கம். ஒரு கரை வாகனம் வரும்போது மறுகரை நிற்க வேண்டும். மற்ற டிரைவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். இவர் என்னைக் கேட்பார்:

“ரன்வே கிளியரா?”

நான் “கிளியர்” என்று சொல்லாமல் பஸ் நகராது. பாலம் ஏறியதும் ஸ்டியரிங்கை நெஞ்சுப் பக்கம் இழுப்பார். பஸ் எழும்பாது. அது பஸ்ஸின் பிழை என்பது அவர் கருத்து.

ஒரு நாள், ஆட்களை ஏற்றிப் பறக்கும் லைசன் எடுக்கப் போவதாகச் சொன்னார். எஸ்.எஸ்.சி. பாஸ். கலியாணம் இல்லை. வயது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் எந்தப் பள்ளியும் எடுக்காது என்றார்கள். மனிதர் அவசரப்பட்டார்.

கொழும்பில் ஒரு பள்ளி, மதராசில் ஒன்று, சீமையில் ஒன்று. மூன்றும் படம் போட்ட புத்தகம் அனுப்பின. பஸ்ஸில் அவை சீட்டுச் சீட்டாகச் சுற்றின.

செட்டிபாளையத்தில் ஏறும் மீன்கார அக்கா சீமைக்குத் தடை போட்டாள். “அங்க போகாத மனே. மீன் ஐஸுக்குள்ள கிடக்குமாம். அதைத் திண்டு போட்டு என்னண்டு பறப்பாய்?”

நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடிப் புடவை வியாபாரி மதராஸ் கட்சி. “மதராசுக்குப் போ தம்பி. படிப்புப் பிழைச்சாலும் நல்ல சேலை நாலு கொண்டரலாம்.”

“நான் பிளேன் ஓட்டப் போறன் காக்கா. புடவை எடுக்கவா போறன்?”

“ரெண்டையும் பார்த்தா என்ன குறை?”

பைலட்டின் கணக்கு வேறு. மதராஸ் புத்தகத்தில் விமானம் எல்லாப் படத்திலும் தரையில் நின்றது. “ஒண்டாவது ஆகாயத்தில கிடக்கா பார். பறக்காத சாமானை வெச்சி என்னத்தைப் படிப்பிக்கிறான்?” மதராஸ் போயிற்று.

சீமையில் பாதி நாள் மழையும் மூட்டமுமாம். பறக்க விடாமல் வகுப்பில் இருத்துவார்களாம். “வெள்ளத்துக்க வட்டைக்குள்ள இறங்கேலாமக் குந்திக்கிட்டு இருக்கிறது எனக்கென்ன புதுசா? அதுக்குச் சீமைக்குப் போகணுமா?” வட்டை என்பது வயல்வெளி; இவர் வயற்காரர் மகன். சீமையும் போயிற்று.

மிஞ்சியது கொழும்பு. நேரில் பார்க்கவேண்டும் என்று என்னையும் ரயிலில் ஏற்றினார்.

பள்ளியின் பெரியவர் கைகொடுக்க வந்தார். இவர் விமானத்துக்கு அடியில் படுத்திருந்தார். டயரைத் தடவினார். எண்ணெய் ஒழுகுதா என்று பார்த்தார். எழும்பி வந்து, நம் பாஷை பேசிய மெக்கானிக்கிடம் கேட்டார்:

“காலையில தள்ளாம ஸ்டார்ட் எடுக்குமா?”

மெக்கானிக் என் காதோடு கேட்டார். “இவர் படிக்க வந்தவரா, வாங்க வந்தவரா?”

“படிக்கத்தான்.”

“அப்ப சொல்லும், தள்ளத் தேவையில்லை.”

“மறுகா என்ன கதை, பிறகென்ன? இதுதான் பள்ளிக்கூடம்,” என்றார் பைலட்.

சேர்வதற்கு முன் கண் சோதனை. டொக்டரும் தமிழர். வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தை விரித்து, அதில் என்ன நம்பர் தெரிகிறது என்றார்.

“நம்பரா? கொத்தமல்லி கொட்டினாப்போல கிடக்கு ஐயா.”

எனக்கு நம்பர் தெளிவாகத் தெரிந்தது. டொக்டர் அடுத்த பக்கம் புரட்டினார். அதுவும் கொத்தமல்லி. அதற்கடுத்ததும் கொத்தமல்லி.

சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்று. எங்கள் வழியில் வண்டியை நிறுத்தும் கலர் விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு எப்படித் தெரியும்?

“விமானத்துக்குச் சரிவராது,” என்றார் டொக்டர்.

“வேற பள்ளியில, ஐயா?”

“எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தச் சோதனைதான்.”

ஊருக்குத் திரும்பினோம். அடுத்த நாள் பஸ் எடுத்தார். மூன்று பள்ளிக்கும் சண்டை பிடித்தவர்கள் முழுப் பேரும் பஸ்ஸில் இருந்தார்கள். கல்முனை போய்ச் சேரும்வரை மழையைப் பற்றியே கதைத்தார்கள்.

அன்று சந்தையில் தக்காளிக் குவியலுக்கு முன் நின்றார். கை வைக்கவில்லை.

“தம்பி, இதில பழுத்தது எது?”

பொறுக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் நான்தான் பொறுக்கினேன். பின்னாளில் அவர் கலியாணம் முடித்தார். வீட்டுச் சாமான் எல்லாம் மனைவி வாங்கினாள். தக்காளியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.