போர்டுக்குள் பென்சன் சார்

திங்கட்கிழமை காலை பத்து மணி நாலு நிமிடத்துக்கு, ஸ்மார்ட் போர்டுக்குள் இருந்த பென்சன் சார் பாடத்தை நிறுத்திவிட்டு, "ஏலே அய்யனாரு, சன்னல்ல என்ன படமா ஓடுது? இங்க பாரு" என்றார்.

பின்சுவரோரம் நின்றிருந்த அசல் பென்சன் சார் திடுக்கிட்டுச் சன்னலைப் பார்த்தார். அய்யனார் உண்மையாகவே வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை. திட்டு விழுந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். போர்டில் இருந்தவர், "ம், அப்படி" என்று தலையாட்டிவிட்டுக் கடல் நீர் ஆவியாவதைத் தொடர்ந்தார்.

அசல் சார் ரிமோட்டை அமுக்கி அவரை அணைத்தார்.

"இப்ப அவனத் திட்டுனது யாரு?"

"நீங்கதான் சார்" என்றது ஐந்தாம் வகுப்பு, பதினொரு குரலில்.

அந்த நீர்ச் சுழற்சிப் பாடத்தை அவர் பதிந்தது இரண்டு வாரத்துக்கு முன்பு, பள்ளி விட்ட பிறகு, இதே அறையில். கேட்கப் பெஞ்சுகளைத் தவிர ஆள் இல்லை. அதற்கடுத்து கொடைக்கானல் டவுனில் ஆசிரியர்களின் தொழில்நுட்பம், படைப்பாற்றல், தலைமைப் பண்பு வளர ஐந்து நாள் பயிற்சி. அந்த ஐந்து நாளும் வகுப்பு லீடர் ரம்யாதான் போர்டைப் போட்டு வகுப்பை நடத்தினாள். தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்படுகிறவர் என்பதால் பதிவை அவர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. இருந்தாலும், ஆளில்லாத அறையில் அய்யனாரை எதற்குத் திட்டியிருக்கப் போகிறார்?

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். மேல்மலையில் பிள்ளைகள் குறைந்து, பென்சன் சார் பட்டியலில் உபரி ஆசிரியர் ஆகிவிட்டிருந்தார். இந்த வகுப்பு மாதிரி வகுப்பாகத் தேறினால் இங்கேயே இருக்கலாம். தேறாவிட்டால் ஒட்டன்சத்திரம் பக்கம் மாற்றல். மனைவி பிரின்ஸிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் மலைமேலே, இவர் கீழே என்று ஆகிவிடும். மனுவில் எழுதிக் கொடுத்த பாடமோ நீர்ச் சுழற்சி. மாற்ற வழியில்லை.

செவ்வாய்க்கிழமை அய்யனாரைச் சன்னலிலிருந்து கிளப்பி, முதல் பெஞ்சில் சுவரோரம் உட்கார வைத்தார். இனி அவனுக்குச் சுவர்தான் தெரியும்.

பாடம் ஓடியது. நாலாவது நிமிடத்தில் அய்யனாரின் கழுத்து ஆந்தைக் கழுத்துபோல மெல்லத் திரும்பி, நாலு தலைகளைத் தாண்டிச் சன்னலில் போய் நின்றது.

"ஏலே அய்யனாரு, சன்னல்ல என்ன படமா ஓடுது?" என்றது போர்டு.

"எதுக்குலே திரும்புன?" என்று அசல் சார் அவன் தோளைப் பிடித்தார்.

"நேரமாயிருச்சு சார்" என்றான் அவன்.

போர்டின் உச்சியில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி இருப்பதை அப்போதுதான் கவனித்தார். அதுதான் கண். நாற்காலி போட்டு ஏறி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

புதன்கிழமை பத்து மணி வரை அனிட்டா வரவில்லை. காது வலி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ரம்யா போர்டைத் தொட்டுப் பாடத்தைப் போட்டாள். பாடம் ஓடியது. நாலாவது நிமிடத்தில் அய்யனார் திரும்பினான், திட்டு விழுந்தது. பிளாஸ்திரி பலிக்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் போர்டு, "அனிட்டா, பென்சிலத் திங்காத. வீட்ல சோறு போடலயா?" என்றது.

'மாட்டிக்கிட்டியா! ஆளே இல்லையே!' என்று பென்சன் சார் மனசுக்குள் துள்ளினார்.

கதவு திறந்தது. காதை மூடிய கம்பளிக் குல்லாவும் வாயில் பென்சிலுமாக, பனியோடு பனியாக அனிட்டா நின்றாள்.

"காது வலின்னு சொன்ன? எதுக்கு வந்த?"

"நீங்க கூப்புடுவீங்கள்ல சார்" என்றாள் மூச்சு வாங்க.

அவர் ரிமோட்டை அமுக்கினார். போர்டு அணையவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினார். உள்ளே இருந்தவர் சிரித்த முகத்தோடு மேகத்துக்குப் போய்விட்டார். கடைசியில் ஓடிப்போய் மின்சாரப் பொத்தானைத் தட்டி நிறுத்தினார்.

மத்தியானம் சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று, போர்டு மாட்டிய பழனிக்குமாருக்குப் போன் போட்டார்.

"சார், அந்தப் புள்ளி ரிமோட்டுக்கு உள்ளது. அத மூடுனா ரிமோட் வேல செய்யாது. அதுல கேமராவே கெடையாது சார். நெட்டும் போடல. சும்மா டிவி மாதிரிதான் கெடக்கு."

"அப்ப எப்படிப்பா பாக்குது?"

"பாக்காது சார்."

"பாக்குதுப்பா."

"மேல குளிரு ஜாஸ்தியோ சார்?" என்று கேட்டுவிட்டுப் பழனிக்குமார் போனை வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் போனதும், ஒன்று தீர்மானித்தார். பிள்ளைகள் இருந்தால்தானே அது திட்டும்? ஆளில்லாமல் போட்டு முழுசாகப் பார்த்துவிட வேண்டும். இதுவரை ஒன்பதாவது நிமிடத்துக்கு மேல் போனதில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்தார், பாடத்தைப் போட்டார், போர்டுக்கு எட்டாத தூரமாகப் பார்த்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். உடைந்த கண்ணாடி வழியே பனி உள்ளே வந்து பெஞ்சுகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது.

அய்யனார் இல்லாமலே அய்யனாருக்குத் திட்டு விழுந்தது. அனிட்டா இல்லாமலே அனிட்டாவுக்கு. பென்சன் சாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது சும்மா உளறுகிறது, அவ்வளவுதான்.

பதினெட்டாவது நிமிடத்தில் போர்டுக்காரர் பேச்சை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கிக் கடைசிப் பெஞ்சையே பார்த்தார்.

"அங்க என்ன, கடைசிப் பெஞ்சுல ஒத்தையா உக்காந்து பேந்தப் பேந்த முழிக்கிற? பயமா இருக்கா? எந்திரிச்சு முன்னால வா."

பென்சன் சார் எழுந்தார். ஆனால் முன்னால் போகவில்லை.

தலைமை ஆசிரியை இசபெல்லா டீச்சர் அவரைப் பள்ளி வாசலருகே பிடித்து நிறுத்தி, முழுக்கதையையும் கேட்டார்.

"இதுக்குப் போயி பேயடிச்ச மாதிரி ஓடுறீங்களே சார்? இருங்க, மாதா கோயில்ல தீர்த்தம் இருக்கு. வெரசா முடிச்சிருவோம்."

தீர்த்தத்தைத் தெளிக்கலாம் என்றுதான் போனார். போர்டுக்குள் இருந்தவர் சரியாக அந்த நேரம், "மழை இப்படித்தான் கொட்டும்" என்று சொல்ல, டீச்சர் கை தவறிப் பாட்டில் மொத்தமும் கொட்டிவிட்டது. 'ச்ச்' என்று ஒரு சத்தம். படம் அணைந்தது.

"பாத்தீங்களா, போயிருச்சு" என்றார் டீச்சர்.

"எங்க போச்சு? ஆத்துல சேந்து மறுபடி கடலுக்குத்தான் போச்சு" என்றது இருட்டுப் போர்டு.

முகம்தான் போயிருந்தது. குரல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளனே வந்துவிட்டார் அதிகாரி தமிழ்மதி. கையில் படிவம், கழுத்தில் மப்ளர். வெறும் கறுப்பாக நின்ற போர்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இசபெல்லா டீச்சர் முந்திக்கொண்டார்.

"செவி வழிக் கற்றல் மேடம். படம் வேணும்னேதான் இல்ல."

பென்சன் சார் வாசலுக்குப் பக்கமாக நின்றுகொண்டார். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் பாடம் எடுக்கத் தொடங்கியது. நாலாவது நிமிடம் அய்யனார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பதாவது நிமிடம் அனிட்டா. அதிகாரியின் பேனா படிவத்தில் வேகமாக ஓடியது.

பதினேழரை நிமிடத்தில், இரண்டாவது பெஞ்சில் இருந்த மாயன் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் பின்னால் நடந்தான்.

"ஏலே, எங்க போற?" என்றார் பென்சன் சார், கிசுகிசுப்பாக.

மாயன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான். கண்ணை அகல விரித்துக்கொண்டான்.

"அங்க என்ன, கடைசிப் பெஞ்சுல ஒத்தையா உக்காந்து பேந்தப் பேந்த முழிக்கிற?" என்றது குரல்.

பாடம் முடிந்ததும் தமிழ்மதி மேடம் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்றே பேசினார்.

"மாவட்டத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. இதுதான் மாதிரி வகுப்பு, சந்தேகமே இல்ல. இனி உங்கள யாரும் இங்கருந்து அசைக்க முடியாது பென்சன் சார். ஒவ்வொரு புள்ளையையும் பாத்துப் பாத்துப் பேசுதே, இது என்ன சாஃப்ட்வேர்?"

'இங்கருந்து அசைக்க முடியாது' என்றதும் பென்சன் சாருக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

"மேடம், என்னைய ஒட்டன்சத்திரத்துக்கே அனுப்பிருங்க! பிரின்ஸிகிட்ட நான் சொல்லிக்கிறேன். சாஃப்ட்வேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குக் கண்ணே கெடையாது, ஆனா பாக்குது மேடம்! மாயன் போயி உக்காரப் போறது அதுக்கு முன்னாடியே தெரியுது!"

அறையில் பனி அசையாமல் நின்றது. அதிகாரி மெல்ல ஓரடி வாசல் பக்கம் நகர்ந்தார்.

ரம்யா நோட்டோடு எழுந்து நின்றாள்.

"அது எங்க சார் பாக்குது? நாலாவது நிமிஷம் அய்யனாரு, ஒம்பதுக்கு அனிட்டா, பதினெட்டுக்கு மாயன்னு, நீங்க பயிற்சிக்குப் போன அஞ்சு நாளும் போட்டுப் பாத்து நாங்கதான் முறை போட்டு வச்சிருக்கோம். பதியும்போது யாருமே இல்லாத பெஞ்சப் பாத்து நீங்க பழக்கத்துல திட்டி வச்சதெல்லாம் பொய்யாயிரக் கூடாதுல்ல?"