பீரோவும் மேஸ்திரியும்

இரும்பு பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேல்பக்கம் தூணும் மொட்டையும் பிடித்திருந்தார்கள். கீழ்ப்பக்கம் நெட்டையும் சோடாபுட்டியும். நால்வரும் வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் சுமக்கிற ஆட்கள்.

எப்போதும் அடியில் நின்று பாரம் தாங்குவதால்தான் தூணுக்கு அந்தப் பெயர். இன்றைக்கு மேலே நின்றதற்குக் காரணம் உண்டு. நேற்று மாலை முதலாளி அவனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"உன்னை மேஸ்திரியாக்கலாம்னு இருக்கேன். நாளைக்கு வேலைய நீதான் நடத்துறே. வெளியே மூச்சு விடாதே, மத்தவனுங்க வயிறெரிவானுங்க. தலைமைக் குணம் தானா தெரியணும். நல்லபடியா முடிஞ்சா பதவி உனக்கு."

மேஸ்திரியானால் சுமக்க வேண்டாம். தூணின் முழங்கால்கள் வெகுநாளாகக் கேட்டு வந்த வரம் அது. மனைவியிடம் மட்டும் சொன்னான்.

"வீட்ல கத்துற மாதிரி அங்க கத்தித் தொலைக்காதே. தன்மையா பேசு," என்றாள் அவள்.

தன்மையாகத்தான் ஆரம்பித்தான். "தம்பிங்களா, இதை எப்படி எறக்கலாம்? உங்க யோசனையச் சொல்லுங்க."

எப்போதும் "பேசாம தூக்குய்யா" என்று எரிந்து விழும் மொட்டை, இன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நல்ல கேள்விண்ணே. எல்லாரும் மனசு விட்டுப் பேசணும். நெட்டை, நீ சொல்லுப்பா."

"மொதல்ல நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு நான் முடிவு சொல்றேன்," என்றான் நெட்டை.

"முடிவு இருக்கட்டும். யாருக்காவது கை வலிக்குதா? தயங்காம சொல்லுங்க," என்றான் சோடாபுட்டி.

தூணுக்குப் புல்லரித்தது. ஒரே நாளில் பயல்களை எப்படி மாற்றிவிட்டோம்! அவன் புல்லரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பீரோ ஒரு படி நழுவி, அதன் கால் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைந்துகொண்டது.

மேலேயிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நான் ஆபீஸ் போகணும். வழி விடுவீங்களா மாட்டீங்களா?"

"இதோம்மா," என்றான் தூண். பிறகு, பாராட்டினால் வேலை நடக்கும் என்று தோன்றியது. "நெட்டை, உன் பலம் யாருக்குடா வரும்?"

"எனக்கென்னண்ணே, மொட்டையோட பிடி இருக்கே, அது பிடி!"

"சேச்சே, சோடாபுட்டியோட பொறுமைக்கு முன்னாடி நாமெல்லாம் எந்த மூலைக்கு?" என்றான் மொட்டை.

எல்லோரும் எல்லோரையும் தட்டிக்கொடுத்தார்கள். தட்டிக்கொடுக்கக் கை வேண்டும். கை எடுத்ததும் பீரோ சாய்ந்து, கதவு படாரென்று திறந்து சுவரில் இடித்தது. காரை பெயர்ந்து விழுந்தது.

"ஐயோ, என் சுவரு!" என்றாள் வீட்டுக்காரம்மா.

தூணின் தன்மை அத்தோடு தீர்ந்தது. "டேய், நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன், தூக்குங்கடா!" என்று கத்தினான்.

அதே நொடியில் மற்ற மூவரும் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னார்கள். ஆளுக்கொரு வேகம். ஒருவன் மூன்றில் தூக்கியபோது இன்னொருவன் ஒன்றில் நின்றான். பீரோவின் கால் கம்பிக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது.

இனிப் பேச்சு உதவாது, செய்து காட்ட வேண்டியதுதான். "முழங்கால் போனாப் போகுது" என்று பக்கத்து இடுக்கில் நுழைந்து கீழ்ப்பக்கம் போய், பீரோவுக்குத் தோள் கொடுத்தான் தூண். "பாரத்தை நான் வாங்கிக்கிறேன். நீங்க மேல போய்ப் பிடிங்க!"

"நான் இருக்கும்போது நீங்க வாங்குறதா?" என்று மொட்டையும் இடுக்கில் நுழைந்து வந்தான். கீழே இருந்த இருவரும் நகர மறுத்தார்கள். நான்கு தோளும் முட்டுக்கொடுத்ததில் கால் விடுபட்டது. மேலே பிடிக்கத்தான் ஆளில்லை. பீரோ நிதானமாகச் சறுக்கி வந்து நால்வரையும் சுவரோடு சுவராக அணைத்துக்கொண்டது. அடி யாருக்கும் இல்லை. அசையத்தான் வழியில்லை.

பதவி போயிற்று என்று தூண் கண்ணை மூடிக்கொண்டான்.

வாசலில் சாமான் வண்டியோடு காத்திருந்த டிரைவர், ஆளையே காணோமே என்று படியேறி வந்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவிங்களா, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! சொல்லக்கூடாதுன்னாரு, ஆனா இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது? இன்னைக்கு வேலை நல்லபடியா முடிஞ்சா மேஸ்திரி நான்தான்னு முதலாளி சொல்லியிருந்தாருய்யா!"

தூண் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்து மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன:

"உங்ககிட்டயுமா?"