லண்டன் கறண்ட்

விஜயதசமிக்கு மடத்துவெளியில் தன் வீட்டிலேயே கம்பியூட்டர் வகுப்பு! புங்குடுதீவு முழுக்கத் தியாகலிங்கம் பறை தட்டாத குறையாகச் சொல்லிப்போட்டார். கோயில் வீதியில் சொன்னார். சந்தையில் சொன்னார். மீன் வாங்கப் போன இடத்தில் மீனுக்கும் சொல்லியிருப்பார், அது செத்துக் கிடந்தபடியால் தப்பிற்று.

கம்பியூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அவர் மனைவி பரிமளத்தின் தம்பி செல்வரத்தினம் லண்டனில் வேலை. தான் வேலை செய்கிற கந்தோரில் கழித்துவிட்ட மெஷினைப் போன வருசம் அனுப்பியிருந்தான். நல்ல மெஷின்தான், ஆனால் படு பழசு. ஒரு பிளொப்பித் தட்டைப் போட்டு எழுப்ப வேணும். அதைக் கழற்றி இன்னொன்று போட வேணும். அது மூன்றாவதைக் கேட்கும். பிள்ளைகள் படிக்கிறதா, தட்டு மாற்றுகிறதா? ஐம்பது தட்டை ஒரேயடியாக விழுங்குகிற ஹாட் டிஸ்க் ஒன்று வந்தால்தான் வகுப்பு என்று முடிவு கட்டினார். விஜயதசமிக்குச் செல்வரத்தினம் ஊருக்கு வரப்போகிறான். பிறகென்ன!

தியாகலிங்கம் விசரன் இல்லை. பழைய மெஷினுக்குப் புதுச் சாமான் பொருந்துமோ என்று பார்க்காமல் வாங்குவாரோ? மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். துள்ளிக் குதித்தார்.

"பரிமளம்! ஓடியாரும், ஓடியாரும்!"

குசினியில் அம்மியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் மிளகாய்க் கையோடு ஓடி வந்தாள்.

"என்னப்பா, பாம்போ?"

"பாம்பில்லை, இடம்! இஞ்சை பாரும், கார்ட் குத்திற பள்ளம். அஞ்சிலை ஒண்டு வெறுமையாக் கிடக்கு. டிஸ்க்கின்ரை கார்ட் இதுக்குள்ளை அச்சொட்டா இருக்கும்!"

"நல்லது. எனக்குக் கை எரியுது."

"கொஞ்சம் பொறும். இதுதான் கறண்ட் குடுக்கிற பவர்ப்பெட்டி. என்ன எழுதியிருக்கு? அறுபத்திமூண்டு வாட்ஸ். ஐயையோ, காணாது! டிஸ்க்கைக் கொழுவினால் ரண்டும் பட்டினி கிடக்கும். அப்ப பெரிய பவர்ப்பெட்டியும் வேணும்."

"அது பாரமோ?"

"செங்கல்லுப் பாரம்."

"அப்ப தம்பியைக் கொண்டரச் சொல்லி நான் கேட்ட கிறைண்டர்?"

தியாகலிங்கம் கணக்குப் போட்டார். பிளேனில் அளவாகத்தான் பாரம் விடுவான். கிறைண்டர் ஏறினால் பவர்ப்பெட்டி இறங்க வேண்டியதுதான். மனுசன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"உமக்கு உது விளங்காது. லண்டன் கறண்ட் வேறை, எங்கடை கறண்ட் வேறை. அங்கத்தையக் கிறைண்டரை இஞ்சை கொழுவினால் பத்தி எரியும். வீடும் சேர்ந்து எரியும்!"

பரிமளம் மேசையில் கிடந்த லண்டன் கம்பியூட்டரை ஒருக்கால் பார்த்தாள். புருசனை ஒருக்கால் பார்த்தாள்.

"நீங்கள் சொன்னால் சரியாத்தானே இருக்கும்," என்று போய்விட்டாள்.

இப்படி ஒரு மனிசி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேணும் என்று அவருக்குப் புல்லரித்தது.

அடுத்த கிழமை இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் லண்டனுக்குப் போன் எடுத்தார்கள். டிஸ்க், கார்ட், பவர்ப்பெட்டி என்று தியாகலிங்கம் தொண்டை கிழியக் கத்தினார். கத்தி முடித்துச் சோடா குடிக்க வெளியே போனார். திரும்பி வரப் பரிமளம் போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பியோடை என்ன கதைச்சனீர்?"

"சும்மா, சுகம் விசாரிச்சனான்."

விஜயதசமிக்கு முதல்நாள் செல்வரத்தினம் வந்து இறங்கினான். கால் கழுவவும் விடவில்லை தியாகலிங்கம். பெட்டியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துப் பெற்ற பிள்ளையைப்போல ஏந்தினார். கார்டைப் பள்ளத்தில் வைத்து அமத்தினார். டொக்! அச்சொட்டு!

"அந்தமாதிரி! இனிப் பவர்ப்பெட்டியைத் தாரும்."

"கொண்டு வரேல்லை அத்தான்."

"என்ன?"

"லண்டன் கறண்ட்பெட்டி இஞ்சை எரியும், வீடும் எரியும் எண்டு நீங்கள் சொன்னதா அக்கா போனிலை சொன்னா. நல்ல காலம்! அங்கையே வைச்சிட்டு வந்திட்டன்."

பவர்ப்பெட்டி இல்லாமல் டிஸ்க் அசையாது. விடிந்தால் விஜயதசமி. தியாகலிங்கம் பாய்ந்தார்.

"எந்த மடையன் சொன்னவன்? அங்கத்தையக் கறண்டும் இஞ்சத்தையக் கறண்டும் ஒண்டுதான்! லண்டன் சாமான் எது கொழுவினாலும் இஞ்சை ஓடும்! இந்தக் கம்பியூட்டர் ஒரு வருசமா ஓடேல்லையே?"

"கேட்டனியோ தம்பி?" குசினி வாசலில் பரிமளம் நின்றாள். "அத்தானே தன்ரை வாயாலை சொல்லிப்போட்டார். இனிப் பயமில்லை. மற்றப் பெட்டியைத் திற."

திறந்தான். கிறைண்டர்! வெள்ளை வெளேரென்று சிரித்தது.

தியாகலிங்கம் கடைசியாக ஒருமுறை துள்ளினார். "நில்லுங்கோ! பிளக்கைப் பாருங்கோ, சதுரக் கால். எங்கடை சுவரிலை வட்ட ஓட்டை. பொருந்தாது!" பாவம், இது மட்டும் உண்மை.

"கம்பியூட்டரும் சதுரக் காலோடைதானே வந்தது? அதுக்கு வட்டப் பிளக் ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"அப்ப அதைக் கழட்டி இதுக்குப் பூட்டுங்கோ. டிஸ்க் ஓடாமல் வகுப்பில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நாளைக்கு வாற சனத்துக்கு வடையாவது குடுப்பம்."

பூட்டினார். வேறு என்ன செய்ய ஏலும்?

"இஞ்சருங்கோ, எனக்குக் கறண்டெண்டால் பயம். விளங்கின ஆள் நீங்கள். நீங்களே அரையுங்கோ."

விஜயதசமி விடியச் சனம் திரண்டு வந்தது. கம்பியூட்டர் துணியால் மூடிக் கிடந்தது. சத்தம் வந்த திசையைப் பார்த்து எல்லாரும் குசினிப் பக்கம் போனார்கள். அங்கே தியாகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கு நுனியில் உழுந்து மாவோடு, மும்முரமாக அரைத்துக்கொண்டிருந்தார்.

மகனை வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்த பக்கத்து வீட்டு இரஞ்சிதம் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு மகனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புருசனை முன்னுக்கு இழுத்தாள்.

"பெடியன் கிடக்கட்டும் அண்ணை. முதல் இவரை உந்த வகுப்பிலை சேருங்கோ."